குகன் அண்ணையின் கதையை முடிக்க விடுகிறார்கள் இல்லை

1

இந்தக் கதை பிறந்தது ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டு மேசையில். வேறு பெரிய இடத்தில் பிறந்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் அதுதான் உண்மை. போன ஆவணி மாதம், 1998, லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். நான் என்பாட்டுக்குப் பாயாசத்துக்குள் கஜுப் பருப்பு தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரில் இருந்தவர் நிர்மலா. என் கதைகளை வாசித்துவிட்டுப் போன் எடுத்துப் பிழை பிடிக்கிறவர். திடீரென்று கேட்டார்:

“யோகு அண்ணை, அந்தக் கடைசி மட்ச்சில பந்தை எறிஞ்சது ஆர்? குகன் அண்ணையோ, பாஸ்கரனோ?”

என் இடது பக்கம் இருந்தவர், “இதென்ன கேள்வி, குகன்தான்” என்றார்.

வலது பக்கம் இருந்தவர், “விசரே உமக்கு? பாஸ்கரன்” என்றார்.

இரண்டு பேரும் அன்றைக்கு ஒரே குடைக்குக் கீழே நின்று பார்த்தவர்கள். ஒருவர் கையில் வடை, மற்றவர் கையில் கரண்டி, சண்டை பக்கத்து மேசைக்கும் பரவியது. கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பந்தை முதலில் தொட்டவன் நான். தப்புவதற்காக “எழுதிறன், வாசியுங்கோ” என்று சொல்லிவிட்டேன். என் வாய்தான் எனக்குச் சனியன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த மட்ச்சில் நாங்கள் தோற்றோம். எறிந்த பந்து போய்ச் சேரவில்லை. வென்றதா தோற்றதா என்று அறிவதற்காக வாசிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே இறங்கிவிடலாம், நான் கோபிக்கமாட்டேன். அந்தத் தோற்ற பந்து யாருடையது என்பதுதான் கதை.

2

தொடக்கம் அ:

‘மழை தூறிக்கொண்டிருந்தது. லண்டன் மாநகரம் சாம்பல் நிறப் போர்வையை…’

லண்டனில் மழை தூறுகிறது என்று சொல்ல ஒரு எழுத்தாளன் வேணுமோ? கிழித்தாயிற்று.

தொடக்கம் ஆ:

‘எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, குகதாசன் கொழும்பில் ஒரு நண்பர் வீட்டில் ஒளித்திருந்த…’

இப்படித் தொடங்கினால் குகன் அண்ணை விமானம் ஏறவே மூன்று பக்கம் போய்விடும். அந்தக் கதையை நாங்கள் எல்லாரும் எழுதிவிட்டோம், நானே பலதரம் எழுதிவிட்டேன். பந்து எப்போது வருகிறது?

தொடக்கம் இ:

‘அமெரிக்கன் புட்போல் என்பது பெயரில் மட்டும் காலை வைத்துக்கொண்டு, கையால் விளையாடுகிற ஒரு கண்டறியாத விளையாட்டு. பந்து முட்டை வடிவம். அதை எறிகிற தலைமை ஆட்டக்காரனுக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். இவன் சொல்கிறபடிதான் மற்றப் பத்துப் பேரும் ஓடவேணும். எனவே இவனுக்கு வயசு போனால்…’

இது வகுப்பு மாதிரி இருக்கிறது. ஆனால் விசயம் எல்லாம் இதற்குள் வந்துவிட்டதால் கிழிக்காமல் விடுகிறேன்.

3

1986. கிங்ஸ்பரியில் ஒரு வீடு, அதற்குள் நாங்கள் ஏழெட்டுப் பேர். பகல் ஷிப்ட்காரன் எழும்ப, இரவு ஷிப்ட்காரன் அந்தச் சூட்டிலேயே படுப்பான். ஞாயிறு பின்னேரம் மட்டும் எல்லாரும் ரீவிக்கு முன்னால் இருப்போம். அப்போது சனல் ஃபோரில் அமெரிக்கன் புட்போல் காட்டத் தொடங்கியிருந்த காலம். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. தோளில் தலையணை கட்டிக்கொண்டு மாடு மாதிரி முட்டுப்படுகிறார்கள், பிறகு எழும்பி நின்று கூட்டம் கூடிக் கதைக்கிறார்கள், திரும்பவும் முட்டுப்படுகிறார்கள். எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டம் போலவே இருக்கிறது என்று விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரிக்காத ஆள் குகன் அண்ணை ஒருவர்தான். பள்ளிக்கூட நாளில் ஈட்டி எறிந்தவர், லண்டனில் தபால் மூட்டை தூக்குகிறவர். ரீவிக்கு மிகக் கிட்டப் போய்க் குந்தியிருந்து, எறிகிறவனின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு ஒரு பந்து வாங்கிக்கொண்டு வந்தார். பின்வளவில் நின்று எறிந்தார். அது மூன்று வீடு தாண்டிப் போனது. நாங்கள் ஒவ்வொரு வீடாகக் கதவு தட்டி மன்னிப்புக் கேட்டு, மூன்றாவது வீட்டு வெள்ளைக்காரக் கிழவரிடம் பந்தை வாங்கும்போது, அவர் “எறிந்தது யார்?” என்றுதான் கேட்டார்.

(பாருங்கள், இந்தக் கதையில் எல்லாரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.)

அப்படித்தான் ரீம் உண்டானது. பெயர் வைக்க இரண்டு கிழமை எடுத்தது. சிங்கமும் கூடாது, புலியும் கூடாது என்று கணேசலிங்கம் சொல்லிவிட்டார். ஏன் கூடாது என்று உங்களுக்குத் தெரியும். கணேசலிங்கம் எங்கள் தலைவர். எந்தச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், பிறக்கும்போதே தலைவராகத்தான் பிறந்திருக்கவேணும். கடைசியில் ‘கிங்ஸ்பரி பருந்துகள்’ என்று முடிவானது. அமெரிக்க விமானப்படைத் தளம் ஒன்றில் கழித்துவிட்ட ஹெல்மெற்றுகளை ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். புதுப் பந்தை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கொண்டுபோனோம். கோயிலும் அப்போது புதிது. ஐயர் தட்டில் இருந்த முட்டைப் பந்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், முகத்தில் ஒன்றும் காட்டாமல், “ஆற்ரை பேரில அர்ச்சனை? என்ன நட்சத்திரம்?” என்றார்.

நாங்கள் முழிசினோம். பந்துக்கு நட்சத்திரம் இல்லையே.

“குகதாசன், விசாகம்” என்று கணேசலிங்கம் சத்தமாகச் சொன்னார். பந்துக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, குகன் அண்ணையின் பெயரில் பூசை நடந்தது. மலையிறக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் அந்தப் பந்தைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார். எங்களில் ஒருவரிடமும் விசா சரியாக இல்லை, ஊரில் இருந்து போன் வந்தால் பயம், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு இருந்தது.

4

நான் என்ன விளையாடினேன் என்று சொல்லவேணும். நான் சென்ரர். இது ஆரும் ஆசைப்பட்டுக் கேட்கிற இடம் இல்லை. பந்தைப் புல்லில் வைத்துக்கொண்டு குனிந்து நிற்கவேணும். குவாட்டர்பேக் பின்னால் ஒட்டி வந்து, என் இரண்டு காலுக்கும் நடுவில் தன் இரண்டு கையையும் நீட்டுவார். அவர் சத்தம் வைத்ததும் நான் பந்தைப் பின்பக்கமாக அவர் கைக்குள் அடித்துக் கொடுக்கவேணும். கொடுத்த அந்த நொடியே எதிரில் நிற்கிற எருமை ஒருவன் என்மேல் விழுவான். அதற்குப் பிறகு நடப்பது எதையும் நான் பார்த்ததில்லை. வருசக்கணக்காக விளையாடி, குகன் அண்ணை எறிந்த ஒரு பந்தைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை. சனம் கத்துகிற சத்தத்தை வைத்துத்தான் போனதா இல்லையா என்று சேற்றுக்குள் கிடந்து அறிவேன்.

* என் மனைவி முதல்முறை இந்த விளையாட்டைப் பார்க்க வந்துவிட்டு ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. “ஊரில சொல்லிப்போடாதேங்கோ” என்பதுதான் அவள் பிறகு சொன்ன முதல் வார்த்தை.

ஆனால் கையை எனக்குத் தெரியும். குகன் அண்ணையின் மனைவி சிவனேஸ்வரி அக்காவை விட எனக்கு அந்தக் கையைத் தெரியும் என்று சொன்னால் அவர் அகப்பையால் அடிப்பார், இருந்தாலும் சொல்கிறேன். தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு வலது கை கொஞ்சம் பிந்தி வரத் தொடங்கியது. தொண்ணூற்றிரண்டில், இடது கை கீழே போய் வலது கையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தது. தோள் போய்விட்டது. நான் குனிந்தபடியே தலையைத் திருப்பப் பார்த்தேன்.

“முன்னுக்குப் பார் யோகு. வாயைத் திறக்காதை” என்றார் பின்னால் இருந்து.

நான் திறக்கவில்லை. கதை எழுதுகிறவனிடம் ஒரு ஆள் அப்படிச் சொல்லலாமோ? இப்போது திறக்கிறேன்.

5

பிரியாவிடை.

எங்கள் ஆட்களுக்கு ஒருவரைப் பாராட்டவேணும் என்று வந்துவிட்டால் கண் மண் தெரியாது. தொண்ணூற்று மூன்று மாசியில், தோளை இனி ஒளிக்க ஏலாது என்று ஆனதும், குகன் அண்ணை தலைவரிடம் “இந்த முறை பாஸ்கரன் எறியட்டும், நான் கொஞ்சம் ஓய்வா இருக்கிறன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். ‘கொஞ்சம்’ என்றது கணேசலிங்கத்தின் காதில் விழவில்லை. மண்டபம் எடுத்தார், நாதஸ்வரக் கசற் எடுத்தார், பொன்னாடைக்கு ஆள் மேல் ஆள் வரிசை. மலர் வெளியிடாமல் விழாவோ? மலர் அடிக்கிற பொறுப்பைச் சவுத்தாலில் அச்சகம் வைத்திருந்த பாலேந்திராவிடம் கொடுத்தார்.

பாலேந்திரா நல்ல மனிசன். ஆனால் அவர் லண்டனில் அடித்ததெல்லாம் செத்தவீட்டுக் கல்வெட்டுத்தான். முப்பத்தோராம் நாள் வீட்டில் கொடுப்போமே, அந்தப் புத்தகம். அவருடைய கொம்பியூட்டரில் இருந்தது ஒரே ஒரு அமைப்பு. அதையே திறந்து, பெயரை மாற்றி, அடித்துவிட்டார்.

அட்டையில் முட்டை வடிவச் சட்டத்துக்குள் குகன் அண்ணை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிகிறது. கீழே இடது பக்கம் ‘தோற்றம் 1986’, வலது பக்கம் ‘ஓய்வு 1993’. கடைசிப் பக்கத்து நன்றி நவிலலில் ஒரு வரி மாற்ற மறந்து அப்படியே கிடந்தது: ‘நேரில் வந்தும் தொலைபேசியிலும் ஆறுதல் கூறியோருக்கும், மலர்வளையம் சாத்தியோருக்கும்…’

மேடையில் வைத்துத்தான் பிரித்துப் பார்த்தோம். கணேசலிங்கத்தின் முகம் போன போக்கை எழுத எனக்குத் தமிழ் காணாது. குகன் அண்ணை பொன்னாடைக் குவியலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, “விளக்கு வடிவா இருக்கு” என்றார். சனம் கூரை பறக்கச் சிரித்தது. சிவனேஸ்வரி அக்கா மட்டும் மலரைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

பகிடி அதோடு முடியவில்லை. மலர்கள் கடைகளில் கிடந்தன. கனடாவில் இருந்த பெரியம்மா ஒருவர் ஒப்பாரியோடு போன் எடுத்தார். அடுத்த சனிக்கிழமை காலமை, மலரைக் கடையில் கண்ட ஊர்க்கார அருமைநாயகி அக்கா வெள்ளைச் சேலை கட்டி, செத்தவீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி ஒரு பெரிய பிளாஸ்கில் கோப்பியோடு வந்து பெல் அடித்தார். கதவைத் திறந்தது குகன் அண்ணை.

அக்கா பிளாஸ்கை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு, “எட, நீ இருக்கிறியே?” என்றார்.

“ஓம் அக்கா, இருக்கிறன். உள்ளுக்கு வாங்கோ.”

“கோப்பி கொண்டந்தனான்.”

“கொண்டந்ததைக் குடிப்பமன்.”

இரண்டு பேரும் இருந்து குடித்தார்கள். இதை குகன் அண்ணையே எனக்கு அபிநயத்தோடு சொன்னார். ஒரு மாதம் எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தார். பிறகு ஒருநாள் என் காரில் வரும்போது, சிரிக்காமல் சொன்னார்:

“யோகு, அந்த மலரைத் திரும்ப வாசிச்சனான். எல்லாரும் நல்லாத்தான் எழுதியிருக்கிறாங்கள். ஆனா எல்லாத்திலயும் ‘இருந்தார்’, ‘எறிந்தார்’. எனக்கு நாப்பத்தொண்டு வயசு. உடம்பெல்லாம் குளிருது மோனை.”

6

இனிப் பாஸ்கரன். இவனை எழுதுவதில்தான் எனக்குச் சங்கடம்.

கோயம்புத்தூர்ப் பெடியன், எஞ்சினியர், தொண்ணூறில் லண்டன் வந்தவன். நாங்கள் பார்க்கில் விளையாடுவதைப் பார்த்துவிட்டு, “நானும் வரலாமாங்க?” என்று கேட்டு வந்து சேர்ந்தான். அவன் “ஆமாங்க” என்றால் ரீம் முழுக்க “ஆமாங்க” என்று பழிப்புக் காட்டும். அவனும் சிரித்துக்கொண்டு “ஓம் ஓம்” என்பான். எறிகிற கை குகன் அண்ணையின் கை மாதிரியே உயரத்தில் இருந்து வரும். தொண்ணூற்று மூன்று கோடையில் எங்களை இறுதி மட்ச் வரைக்கும் கொண்டுபோனவன் அவன்தான். குகன் அண்ணை இருந்த காலத்தில் நாங்கள் இறுதி மட்ச்சை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

இவனிடம் ஒரு குறை வேணும். குறை இல்லாத பாத்திரத்தை நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் நம்பமாட்டேன். அதனால் முதலில் இப்படி எழுதினேன்:

‘மலரை வாசித்த பாஸ்கரன் தனக்குள் சிரித்துக்கொண்டான். இனி எல்லாம் தன்…’

பொய். அடித்துவிட்டேன். நடந்தது இது: மலரில் கணேசலிங்கம் எழுதிய வாழ்த்தில் ‘அன்னார் விட்டுச் சென்ற இடத்தை இனி எவராலும் நிரப்ப முடியாது’ என்று ஒரு வரி. நிரப்பவேண்டியவன் முன்வரிசையில், மாலையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தான். அந்த வரியை அவன் வாசித்ததை நான் பார்த்தேன். வாசித்துவிட்டு, மலரை மூடி, எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினான். கோடை முழுக்க அவன் எறிந்து வென்ற ஒவ்வொரு மட்ச்சிலும் கோட்டுக்கு வெளியே நின்று எவனாவது ஒருவன் “குகன் எண்டால் இன்னும் வடிவா எறிஞ்சிருப்பார்” என்பான். அவன் காதில் விழும். ஹெல்மெற்றைக் கழற்றித் தண்ணி குடிப்பான்.

(அவனுடைய உண்மையான குறை: குகன் அண்ணையை ‘சார்’ என்று கூப்பிடுவான். “நான் என்ன வாத்தியோ, அண்ணை எண்டு கூப்பிடன்ரா” என்று அவர் எத்தனையோ தரம் சொல்லியும் திருந்தவில்லை. இதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை, மன்னியுங்கள்.)

7

இறுதி மட்ச்சுக்கு முதல் கிழமை கணேசலிங்கம் என்னையும் இழுத்துக்கொண்டு குகன் அண்ணை வீட்டுக்குப் போனார். குசினி மேசையில் நாங்கள் மூன்று பேர். சிவனேஸ்வரி அக்கா அடுப்படியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்.

“ஈஸ்ற்ஹாமில இருந்து எங்கட ஆக்கள் கோச் பஸ் பிடிச்சு வருகினம்,” என்றார் தலைவர். “எல்லாரும் ஒரே கேள்விதான். குகன் வருவாரோ? நீங்கள் முழுக்க விளையாட வேண்டாம். கடைசியா ஒரு பந்து. ஒரேயொரு பந்து.”

எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் இருந்து கேள்வி வந்தது. “பிரியாவிடை நடத்தினது ஆர்?”

“அது வந்து அக்கா…”

“விளக்குக் கொளுத்திப் புத்தகம் அடிச்சது ஆர்? இந்த மனிசனை அனுப்பி வைச்சதும் நீங்கள், இப்ப எழுப்ப வந்திருக்கிறதும் நீங்களோ? அந்தக் கையால தோசைச் சட்டி தூக்க ஏலாது. விடியக் காலமை சேட்டுக்குள்ள அந்தக் கையை நான்தான் விட்டுவிடுறன். உங்களுக்குத் தெரியுமோ அது?”

தலைவர் தேத்தண்ணியைப் பார்த்தார். நானும் தேத்தண்ணியைப் பார்த்தேன்.

“ஈசு, ஒரு பந்துதானே” என்றார் குகன் அண்ணை.

“ஒரு பந்து எறிய எத்தினை கை வேணும்?”

“ஒண்டு.”

“அது உங்களிட்ட இருக்கோ?”

குகன் அண்ணை வலது கையை இடது கையால் எடுத்து மேசையில் வைத்தார்.

“இருக்கோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியவேணும். சனத்துக்கு இல்லை, இவங்களுக்கு இல்லை, எனக்குத் தெரியவேணும்.”

அக்கா ரோல்ஸை வடித்துப் போட்டுவிட்டு மேலே அறைக்குப் போய்விட்டார்.

* இந்த இடத்தில் முதலில் ஒரு டொக்ரரைக் கொண்டுவந்திருந்தேன். ‘இன்னொருமுறை எறிந்தால் கை நிரந்தரமாக…’ என்று அவர் இரண்டு பக்கம் ஆங்கிலம் கலந்து பேசினார். வெட்டிவிட்டேன். அவர் சொன்னதை அக்கா தோசைச் சட்டியை வைத்தே சொல்லிவிட்டார்.

* குகன் அண்ணையின் தோளை இப்போது பார்த்தால் எறிந்தாரா இல்லையா என்று கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதேயுங்கோ. எப்படிப் பார்த்தாலும் அந்த மாரியில் ஒப்பரேசன் நடக்க இருந்தது, நடந்தது.

8

எழுதிக்கொண்டிருக்கும்போதே போன். குகன் அண்ணை. நிர்மலா சொல்லியிருக்கவேணும், அந்தப் பிள்ளையின் வாய் ஒரு பேப்பர்.

“யோகு, நீ ஏதோ எழுதிறியாம். நான்தான் எறிஞ்சன் எண்டு எழுது.”

“அண்ணை, அது போய்ச் சேராத பந்து.”

“தெரியும். அதாலதான் சொல்லுறன். அந்தப் பெடியன் எறிஞ்சவன் எண்டு எழுதினால் சனம் என்ன சொல்லும்? இந்தியாக்காரன் கெடுத்துப்போட்டான் எண்டு இப்பவும் ரெண்டு பேர் கதைக்கிறாங்கள். அவன்ர கணக்கில போடாதை. கிழவனுக்கு ஏன் உந்த ஆசை எண்டு என்னை ஏசட்டும். எனக்கென்ன, நான்தான் ஏற்கெனவே செத்த ஆள்.” சிரித்தார்.

வைத்து அரைமணி இல்லை, பாஸ்கரன். இப்போது ரெடிங் ஊரில் இருக்கிறான், இரண்டு பிள்ளை.

“யோகு அண்ணா, நான் போட்ட பந்துன்னு எழுதிடுங்க.”

“ஏன்ரா?”

“எழுதுங்க, ப்ளீஸ். நான் அப்ப சின்னப் பையன், அதுக்கப்புறம் எவ்வளவோ ஜெயிச்சுட்டேன். சாருக்கு அது கடைசி. கடைசியா கீழ விழுந்த பந்துன்னு அவர் பேர் இருக்கக் கூடாது. நான் தாங்கிக்கிறேன்.”

சரி, பாருங்கள் என் நிலையை. உலகத்தில் எல்லாரும் வென்ற பந்துக்குத்தான் உரிமை கேட்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் தோற்ற பந்துக்கு அடிபடுகிறார்கள், அதுவும் ஒருவருக்கொருவர் தெரியாமல். போனை வைத்துவிட்டு நான் அழுதேன். எழுத்தாளன் அழுதேன் என்று எழுதக்கூடாதாம், ஒரு விமர்சகர் சொன்னார். அவருக்கு இப்படி இரண்டு போன் வந்திருக்காது.

முடிவு அ (குகன் அண்ணை கேட்டது):

‘குகதாசன் பந்தை வாங்கினார். பின்னால் மூன்று எட்டு வைத்தார். கை மேலே போனது, பாதியில் நின்றது. பந்து கைதவறின மாதிரி முன்னால் விழ, அவர் பாஸ்கரனைத் திரும்பிப் பார்த்து…’

முடிவு ஆ (பாஸ்கரன் கேட்டது):

‘விசில் ஊதியது. குகதாசன் வெளியே நடந்தார். பாஸ்கரன் திரும்ப உள்ளே ஓடி வந்து, மழைக்குள் தன் முழுப் பலத்தையும் கூட்டி எறிந்த பந்து, பிடிக்க ஓடியவனின் விரலுக்கு ஒரு சாண்…’

இரண்டையும் என்னால் முடிக்க ஏலவில்லை. வாசித்துப் பார்த்தால் இரண்டும் உண்மை மாதிரித்தான் இருக்கிறது. சனத்துக்கும் அதுதான் நடந்தது. மழை, சேறு, எங்கள் சேட்டில் ஒரு இலக்கமும் தெரியவில்லை, இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே ஹெல்மெற். அடித்த மழையில் பாதிச் சனம் குடைக்குள்.

9

நடந்ததில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

குகன் அண்ணை காலமையிலிருந்தே முழு உடுப்போடு கோட்டுக்கு வெளியே நின்றார். சேட்டுக்குள் கையை விட்டுவிட்டது யார் என்று நான் கேட்கவில்லை. சிவனேஸ்வரி அக்கா வாங்குப் பலகையில் குடை பிடித்துக்கொண்டு, அவரைப் பாராமல் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

கடைசி நிமிசம். கொஞ்சப் புள்ளியால் பின்னுக்கு நிற்கிறோம், ஒரு நீள எறி போய்ச் சேர்ந்தால் கோப்பை எங்களுக்கு. பாஸ்கரன் நடுவரிடம் கை காட்டி ஆட்டத்தை நிறுத்தினான். கோட்டடிக்கு நடந்து போனான். “சார், வாங்க” என்றான். ஆரும் அவனைக் கேட்கவில்லை, கணேசலிங்கம்கூட வாயை மூடிக்கொண்டுதான் நின்றார். அவன் அந்தக் கோடை முழுக்க உழைத்துக் கொண்டுவந்த இடத்தைத் தன் பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தான். ஈஸ்ற்ஹாம்காரர் எழும்பி நின்று கத்தினார்கள். குகன் அண்ணை உள்ளே வந்தார். என்னைத் தாண்டும்போது என் ஹெல்மெற்றில் ஒரு தட்டுத் தட்டினார்.

குனிந்தேன். பந்து புல்லில். அவர் பின்னால் வந்து நின்றார். கை வந்தது. வலது கை தானாக நிற்கவில்லை, இடது கை அதைக் கீழே இருந்து தாங்கிக்கொண்டு நிற்கிறது. இந்தக் கையால் தோளுக்கு மேலே எறிய ஏலாது என்று எனக்குத் தெரியும். அது அவருக்கும் தெரியுமோ என்று எனக்குத் தெரியாது.

நான் கொடுக்காமல் இருக்கலாம். ஒரு கொஞ்ச நேரம் பிந்தினால் போதும், நடுவர் விசில் ஊதி எங்களைத் தண்டிப்பார். என் பிழை என்று போய்விடும். அதைச் சாக்காக வைத்து அவர் வெளியே நடக்கலாம், கை மிஞ்சும். பாஸ்கரன் திரும்ப வந்து எறிவான். ஆனால் தன் கை இருக்கிறதா இல்லையா என்று அறிய வந்த மனிசன், அறியாமலே திரும்பிப் போவார். கொடுத்தால் அறிந்துவிடுவார், இத்தனை சனத்துக்கு முன்னால், மனைவிக்கு முன்னால்.

நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. நிர்மலா, போன் எடுக்கவேண்டாம். நான் கொடுத்தேன் என்று எழுதினால் பாஸ்கரன் மனம் நோவான், கொடுக்கவில்லை என்று எழுதினால் குகன் அண்ணை மனம் நோவார். அந்த இரண்டு பேரையும் நோகப்பண்ணி எனக்கு ஒரு கதை தேவையில்லை.

ஆனால் கதை அந்தரத்தில் நிற்கிறதே என்று சொல்லுவீர்கள். நிற்கட்டும். நான் கொஞ்சம் விலகிக்கொள்ளுகிறேன், நீங்கள் வாருங்கள். இந்த இடத்தில் குனியுங்கோ. இன்னும் கொஞ்சம். முன்னால் நிற்கிற எருமையைப் பார்க்காதேயுங்கோ, அவன் எப்படியும் உங்கள்மேல் விழத்தான் போகிறான். பந்து நனைந்திருக்கிறது, இறுக்கிப் பிடியுங்கோ. பின்னால் கை வந்துவிட்டது, உங்களுக்கும் தெரிகிறதல்லவோ? வாங்கில் அக்கா குடையை மடக்கிவிட்டு எழும்பி நிற்கிறார்.

அவர் சத்தம் வைத்துவிட்டார். நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை. திரும்பவும் வைக்கிறார். பிறகு குனிந்து, உங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கோபம் ஒன்றும் இல்லாமல் சொல்கிறார்:

“என்ன யோசிக்கிறாய்? எனக்குத் தெரியுமடா. தா.”